வியட்நாம் நிச்சயதார்த்தம்: தட்டு எத்தனை? கடன் எத்தனை?

ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து வாழ்வதென்று தீர்மானித்துக்கொண்டால், அந்தத் தீர்மானத்தை இரு வீட்டாருக்கும் தெரிவிப்பதற்கு எவ்வளவு பணம் வேண்டும்? யோசித்துப் பார்த்தால் இரண்டு வார்த்தையும் ஆளுக்கு ஒரு குவளைத் தேநீரும் போதும். ஆனால் இந்தச் சின்னக் காரியம் இவ்வளவு சுலபத்தில் முடிந்துபோக ஜோசியன் சம்மதிப்பதில்லை, உறவினர் சம்மதிப்பதில்லை, "நாலு பேர் என்ன சொல்லுவார்கள்?" என்கின்ற பயமோ அடியோடு சம்மதிப்பதில்லை. இந்த மூவரும் சேர்ந்து எழுதுகின்ற செலவுப் பட்டியலுக்குத்தான் "வழக்கம்" என்றும், "பெரியோர் வைத்த ஏற்பாடு" என்றும் பெயர் சொல்லுகின்றார்கள்.

வியட்நாம் தேசத்து நிச்சயதார்த்தம் இதற்கு ஒரு நல்ல உதாரணமாகும். அந்தத் தேசத்து வாலிபர்கள் இந்த ஒரு நாளுக்கு எப்படித் திட்டம் போடுவது, எதெதற்கு எவ்வளவு ஒதுக்குவது, யார் எந்தச் செலவை ஏற்பது என்று மாதக் கணக்கில் கவலைப்படுகின்றார்கள். அந்தத் திட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகின்றோம்.

வியட்நாம் நமக்கு முற்றிலும் அன்னியமான தேசமல்ல. பிரெஞ்சுக்காரர் அங்கே ஆண்ட காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் சைகோன் பட்டணத்தில் உத்தியோகம் பார்த்தார்கள். செட்டிநாட்டு லேவாதேவிக்காரர்கள் அங்கே கடை வைத்து அந்நாட்டுக் குடியானவர்களுக்கும் நிலக்காரர்களுக்கும் வட்டிக்குக் கொடுத்தார்கள். தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் அந்தப் பட்டணத்தில் இருக்கின்றது. ஆக, நம்மவர்கள் அந்தத் தேசத்தில் நிலைநாட்டிவிட்டு வந்தவைகளில் கோயிலும் வட்டியும் முக்கியமானவை. அறிவு விஷயமாகவும் அந்தத் தேசத்தோடு கொஞ்சம் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டால் தப்பொன்றுமில்லை.

நடப்பது என்ன?

பழைய காலத்தில் சீன தேசத்து முறையை ஒட்டி வியட்நாமியர் கலியாணத்துக்கு ஆறு சடங்குகள் வைத்திருந்தார்கள். பெண் கேட்பது, பெண்ணின் பெயரையும் பிறப்பையும் கேட்டறிவது, பொருத்தம் பார்ப்பது, காணிக்கை செலுத்துவது, நாள் குறிப்பது, பெண்ணை அழைத்துப் போவது என்று அவை ஒன்றன்பின் ஒன்றாய் நீளும். இப்போது அவை பெரும்பாலும் மூன்றாய்ச் சுருங்கிவிட்டன. முதலாவது, மாப்பிள்ளை வீட்டார் சிறு அளவில் பெண் வீட்டுக்கு வந்து பேசுவது. இரண்டாவது நிச்சயதார்த்தம். இதை வடக்கே "அன் ஹோய்" என்றும், தெற்கே "டாம் ஹோய்" என்றும் சொல்லுகின்றார்கள். மூன்றாவது கலியாணம்.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் சிவப்புத் துணி போர்த்திய தட்டுகளைக் கலியாணமாகாத வாலிபர்கள் கையில் கொடுத்து வரிசையாய்ப் பெண் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். பெண் வீட்டு வாசலில் அதே எண்ணிக்கையுள்ள கலியாணமாகாத பெண்கள் நின்று அவைகளை வாங்கிக்கொள்ளுவார்கள். தட்டுகளில் வெற்றிலை பாக்கு, தேயிலை, மது, பழங்கள், பலகாரங்கள், சிவப்பாய் வேகவைத்த ஒட்டரிசிச் சோறு, முழுதாய்ச் சுட்ட பன்றி முதலியவைகள் இருக்கும். தெற்கே இவைகளோடு பெரிய மெழுகுவர்த்தி ஜோடியும் தங்க நகைகளும் சேரும். இவை போதாதென்று உறையில் போட்ட பணம் வேறு. பெண்ணோ உள்ளறையில் இருப்பாள். இரு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடித்த பிறகுதான் அவள் வெளியே வருவாள். பிறகு இருவரும் முன்னோர் பீடத்தின் முன் ஊதுவத்தி கொளுத்தி வணங்குவார்கள். பெண் வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பாள். முடிவில், வந்த பொருள்களில் ஒரு பங்கை மாப்பிள்ளை வீட்டாருக்கே திருப்பிக் கொடுப்பார்கள். அப்படிப் பங்கு பிரிக்கும்போது பாக்கைக் கத்தியால் வெட்டக் கூடாதாம். கையால்தான் பிய்த்தெடுக்க வேண்டுமாம். கத்தி பட்டால் தம்பதிகளின் உறவு அறுந்து போகுமாம்! ஒரு பாக்குவெட்டிக்குத் தாங்காத உறவு, மாமியார் நாத்திமாருக்கும், வறுமைக்கும், வியாதிக்கும் எப்படித் தாங்கும் என்பதை அவர்களேதான் யோசித்துச் சொல்ல வேண்டும்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றிருக்கின்றது. நாள் முழுவதும் பெரியவர்கள் பேசுகின்றார்கள். தட்டுகள் வருகின்றன, போகின்றன. செத்துப்போன முன்னோர்களுக்குக்கூடச் சேதி சொல்லப்படுகின்றது. வாழப் போகின்ற அந்த இருவரும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசுவதற்கு அந்தச் சடங்கில் இடமே இல்லை. ஆனால் அன்றைச் செலவுக்குக் கடன் வாங்கியிருந்தால், அதை அடைக்க வேண்டியவர்கள் மட்டும் அந்த இருவரே!

ஒற்றையா? இரட்டையா?

இனி அந்தத் தட்டுகளின் எண்ணிக்கையைப் பார்ப்போம். வடக்கே தட்டுகள் ஒற்றைப்படையாய் இருக்க வேண்டும். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று என்று வசதிக்குத் தக்கபடி ஏறும். இரட்டைப்படையாய் வைத்தால் ஆகாது. தெற்கே தட்டுகள் இரட்டைப்படையாய் இருக்க வேண்டும். ஆறு, எட்டு, பத்து என்று ஏறும். அங்கே ஒற்றைப்படையாய் வைத்தால் ஆகாது. ஒரே தேசம், ஒரே பாஷை, ஒரே மாதிரி முன்னோர் வணக்கம். அப்படியிருக்க, ஹனோயில் மங்கலமானது சைகோனில் அமங்கலமாகிவிடுகின்றது! வடக்கத்தி ஏழு தட்டுக்காரனும் தெற்கத்தி ஆறு தட்டுக்காரனும் குழந்தை குட்டிகளோடு ஒரே மாதிரிதான் வாழுகின்றார்கள். ஒரே மாதிரிதான் சண்டை போட்டுக்கொள்ளுகின்றார்கள். தட்டின் எண்ணிக்கைக்கும் வாழ்க்கைக்கும் ஏதாவது சம்பந்தமிருந்தால் இந்த இரண்டு கூட்டத்தில் ஒரு கூட்டம் இதற்குள் அழிந்து போயிருக்க வேண்டாமா?

பாக்கு விஷயம் இதைவிட வேடிக்கையானது. பல வீடுகளில் பாக்குக் குலையில் 105 காய் எண்ணி வைக்கின்றார்கள். ஏன் 105 என்றால், வியட்நாமிய பாஷையில் "நாம்" என்கின்ற சொல்லுக்கு ஐந்து என்றும் ஆண்டு என்றும் இரண்டு பொருள் உண்டு. ஆகவே "நூற்றைந்து" என்பது "நூறாண்டு" என்று காதில் விழும். தம்பதிகள் நூறாண்டு வாழ்வார்கள் என்பது அதன் கருத்து. தெற்கே ஆறு தட்டு வைப்பதற்கும் இம்மாதிரியே, ஆறு என்பதைக் குறிக்கும் சொல் செல்வத்தைக் குறிக்கும் சொல்லைப் போல் ஒலிக்கின்றது என்பதே காரணமாய்ச் சொல்லப்படுகின்றது. புலவர்கள் சிலேடை பாடிப் பரிசு வாங்கினார்கள் என்று கேட்டிருக்கின்றோம். சிலேடைக்காக ஏழைகள் பணம் கட்டுவதை இங்கேதான் பார்க்கின்றோம்.

தட்டுத் தூக்கிய வாலிபர்களும் வாங்கிய பெண்களும் முடிவில் சிவப்பு உறையில் சிறு பணத்தை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளுகின்றார்கள். பிறர் நிச்சயதார்த்தத்துக்குத் தட்டுத் தூக்கினால் தங்களுடைய கலியாண யோகம் போய்விடுமாம். அதற்கு இந்தப் பணம் பரிகாரமாம்! இப்போதோ தட்டுத் தூக்குவதற்கென்றே ஆட்களைத் தலைக்கு இவ்வளவு என்று வாடகைக்கு அனுப்புகின்ற வியாபாரிகள் அங்கே ஏற்பட்டிருக்கின்றார்கள். மாதம் முழுவதும் தட்டுத் தூக்குகின்ற அந்தக் கூலி வாலிபனுடைய யோகம் எத்தனை தடவை போய் எத்தனை தடவை திரும்பி வருகின்றது என்பதை எந்த ஜோசியனும் கணக்குப் போட்டுச் சொன்னதாய்த் தெரியவில்லை.

பூனையும் முயலும்

நாள் பார்ப்பதும் வயதுப் பொருத்தம் பார்ப்பதும் செலவைக் கூட்டுகின்ற இன்னொரு வழியாகும். பன்னிரண்டு மிருகங்களின் பெயரால் வருஷங்களை அழைத்து, இன்ன வருஷத்தான் இன்ன வருஷத்தாளைக் கட்டினால் ஆகாது என்கின்றார்கள். இந்தப் பன்னிரண்டில் ஒன்று சீன தேசத்தில் முயல். வியட்நாமில் அதே வருஷம் பூனை. 2023-ஆம் வருஷத்தில் பிறந்த குழந்தை எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்திருந்தால் முயல், இந்தப் பக்கம் பிறந்திருந்தால் பூனை. மிருகத்தின் குணம் மனிதனுக்கு வரும் என்றால், எல்லையில் நிற்கின்ற சுங்கச் சாவடிக்காரன்தான் அந்தக் குணத்தை மாற்றிக் கொடுக்கின்றானா என்று கேட்கின்றோம்.

பெண்ணின் வயதைக் கொண்டு "கிம் லாவ்" என்று ஒரு தோஷமும் சொல்லுகின்றார்கள். பெண்ணுக்குப் பிறந்தவுடன் ஒரு வயதென்று வைத்து எண்ணி, அந்த வயதை ஒன்பதால் வகுத்து, மீதி 1, 3, 6, 8 என்று வந்தால் அந்த வருஷம் அவளுக்குக் கலியாணம் ஆகாது. அதாவது ஒவ்வொரு ஒன்பது வருஷத்திலும் நான்கு வருஷம் பெண்ணுக்குத் தோஷம்! ஆணுக்கு இந்தத் தொல்லை இல்லை. தோஷமெல்லாம் வழக்கம்போல் பெண்ணின் தலையில்தான்.

இந்தக் கணக்கின் யோக்கியதையை ஒரு உதாரணத்தால் காட்டுவோம். வடவியட்நாம் அரசாங்கம் 1967-ல் ஓர் உத்தரவு போட்டு, 1968 முதல் பஞ்சாங்கத்தைச் சீனாவின் மணிக்கணக்கை விட்டுத் தங்கள் நாட்டு மணிக்கணக்குப்படி கணித்தது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம். அதன் பலனாய் 1968-ல் வடக்கே புது வருஷம் ஜனவரி 29-லும், தெற்கே ஜனவரி 30-லும் பிறந்தது. 1985-லோ வியட்நாமில் புது வருஷம் ஜனவரி 21-ல் பிறந்துவிட்டது. சீனாவில் பிப்ரவரி 20-ல்தான் பிறந்தது. அந்த இடைப்பட்ட ஒரு மாதத்தில் பிறந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் வியட்நாம் கணக்குப்படி அவளுக்கு வயது 27, ஒன்பதால் வகுத்தால் மீதியில்லை, தோஷமில்லை. பழைய கணக்கே நீடித்திருந்தால் அவளுக்கு வயது 28, மீதி ஒன்று, தோஷம்! நட்சத்திரமும் மாறவில்லை, பெண்ணும் மாறவில்லை, சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி திருப்பினவுடன் தோஷம் ஓடிப்போய்விட்டது. இப்படிப்பட்ட தோஷத்துக்குப் பயந்து கலியாணத்தைத் தள்ளிப் போடுகின்றவர்களும், பெண்ணை இரண்டு தடவை கேட்பதாய் நடித்துத் தோஷத்தை ஏமாற்றுகின்றவர்களும் அங்கே இருக்கின்றார்கள். ஏமாறக்கூடிய தோஷத்துக்கு என்ன மரியாதை?

"நல்ல நாள்" என்று எல்லோரும் ஒரே நாளில் விழுவதால் பந்தல்காரன், வாடகை வண்டிக்காரன், சமையல்காரன், படம் பிடிப்பவன் எல்லோருக்கும் அன்று கிராக்கி. ஆகவே ஜோசியனுக்குக் கொடுப்பது மாத்திரமல்ல அவன் செலவு. அவன் குறித்துக் கொடுத்த நாளால் மற்றவர்களுக்கு அதிகமாய்க் கொடுப்பதும் அவன் செலவுதான்.

தங்கமும் சம்பளமும்

இனி பணத்தின் கணக்குக்கு வருவோம். பொதுவாய்த் தட்டு, பணம், நகை, வண்டி இவை மாப்பிள்ளை வீட்டார் செலவு. பந்தல், பூ வளைவு, அலங்காரம், வந்தவர்களுக்கு விருந்து இவை பெண் வீட்டார் செலவு. உடை இரு பக்கமும். இவைகளில் பன்றியும் பலகாரமும்கூடச் சாப்பிட்டாவது தீரும். ஆளை விழுங்குவது தங்கம்தான்.

அங்கே தங்கத்தைச் "சீ" என்கின்ற அளவில் விற்கின்றார்கள். ஒரு சீ என்பது 3.75 கிராம், நமது அரைப் பவுனுக்குச் சற்றுக் குறைவு. 2025-ல் ஒரு சீ தங்கத்தின் விலை ஒரு கோடி டோங்குக்கு மேல் போய்விட்டது. அதே சமயத்தில், ஹனோய், ஹோ சி மின் நகரம் போன்ற முதல் வகைப் பிரதேசங்களில் தொழிலாளிக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச மாதச் சம்பளம், 2024 ஜூலை முதல் தேதியில் நிர்ணயித்தபடி, 49 லட்சத்து 60 ஆயிரம் டோங்காய் இருந்தது. அதாவது ஒரு தொழிலாளி சாப்பிடாமல், வீட்டு வாடகை கொடுக்காமல், இரண்டு மாதம் வேலை செய்தாலும் ஒரு சீ தங்கம் சரியாய் வராது.

இந்தச் சம்பளக்காரர்களாகிய ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கலியாணம் செய்துகொள்ளப் போகின்றார்கள் என்று வைத்துக்கொள்ளுவோம். இருவரும் வயிற்றைக் கட்டி வருமானத்தில் கால் பங்கை மிச்சம் பிடிக்கின்றார்கள் என்றும் வைத்துக்கொள்ளுவோம். வருஷம் முழுவதும் சேர்த்தால் மூன்று கோடி டோங்குக்குச் சற்றுக் குறைவாய்ச் சேரும். பெண் வீட்டார் மூன்று சீயில் ஒரு கழுத்து நகை என்று கேட்டுவிட்டால் இருவருடைய ஒரு வருஷத்துச் சேமிப்பும் அதிலேயே தீர்ந்து போய்விடும். இன்னும் ஒரு தட்டுக்கூட வாங்கியாகவில்லை! பிறகு தட்டுக்குக் கடன், வண்டிக்குக் கடன், விருந்துக்குக் கடன். கலியாணமாகி வந்த பெண்ணுக்கு அந்த வீட்டில் முதல் வரவேற்புச் சொல்லுகின்றவன் கடன்காரனாய் இருப்பான். குழந்தைக்குப் பால் வாங்க வேண்டிய பணத்தை, என்றைக்கோ ஊரார் தின்று ஏப்பம் விட்ட பன்றிக்காக அவள் வட்டியாய்க் கட்ட வேண்டும்.

பெண்ணுக்கு விலையா?

இவ்வளவுக்கும் மூலகாரணம் என்னவென்றால், பெண் வீட்டார் "இவ்வளவு பணம், இவ்வளவு நகை, இத்தனை தட்டு" என்று கேட்கின்ற வழக்கமாகும். அதிகமாய்க் கேட்டால் பெண்ணுக்கு மதிப்பு அதிகம் என்று பெற்றோர்கள் நினைக்கின்றார்கள். நம் நாட்டில் மாப்பிள்ளைக்கு விலை வைக்கின்றார்கள். அங்கே பெண்ணுக்கு விலை வைக்கின்றார்கள். எந்தப் பக்கம் விலை வைத்தாலும் கடைசியில் அடிமையாகின்றவள் பெண்தான் என்பது ஆச்சரியமான விஷயமல்லவா? இங்கே, "நீ கொண்டுவந்தது போதாது" என்று அவளை இடிக்கின்றார்கள். அங்கே, "உனக்குக் கொடுத்தது அதிகம்" என்று இடிப்பதற்கு இடம் வைக்கின்றார்கள். மதிப்பு என்று நினைத்துக் கேட்ட பணம், மறுநாள் முதல் அவள்பேரில் எழுதிய பத்திரமாகிவிடுகின்றது.

இதை நாம் மாத்திரம் சொல்லவில்லை. அந்தத் தேசத்து அறிவாளிகளும் அரசாங்கமுமே நெடுநாளாய்ச் சொல்லி வருகின்றார்கள். பெண்ணின் கிராமத்துக்கு மாப்பிள்ளை வரி கட்டுகின்ற வழக்கம் ஒன்று முன்பு அங்கே இருந்தது. அது அளவு கடந்து போனபடியால் 1804-ல் கியா லோங் அரசன், பணக்காரனுக்கு இவ்வளவு, நடுத்தரத்தானுக்கு அதில் பாதி, ஏழைக்கு அதிலும் பாதி என்று வரம்பு கட்டினான். 1915-ல் பான் கே பின் என்பவர் தமது தேசத்து வழக்கங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்து எழுதி, கண்டிக்க வேண்டியதைக் கண்டித்தார். 1930-களில் ந்யாத் லின் என்பவர் தம் தோழர்களோடு சேர்ந்து "ஃபோங் ஹோவா" என்று ஒரு வாரப் பத்திரிகை நடத்திப் பழைய குடும்பக் கட்டுப்பாடுகளைக் கேலி செய்து தாக்கினார். அவர் 1935-ல் புத்தகமாய் வெளியிட்ட "முறிவு" என்னும் பொருள்படும் நாவலில், பெற்றோர்கள் பட்ட கடனுக்காகப் படித்த பெண் ஒருத்தி மனமில்லாத இடத்தில் கொடுக்கப்படுகின்றாள். அந்த நாவலை அந்நாட்டு வாலிபர்கள் எவ்வளவு ஆவலாய்ப் படித்திருப்பார்கள் என்பதை நமது பத்திரிகை வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வடவியட்நாமில் 1959-ல் செய்த கலியாணச் சட்டம் கட்டாயக் கலியாணத்தையும், பால்ய விவாகத்தையும், இரண்டாந்தாரம் கட்டுவதையும் தடுத்ததோடு, கலியாணத்துக்காகச் சொத்துக் கேட்டு வற்புறுத்துவதையும் தடுத்தது. 2014-ல் செய்து 2015 முதல் அமலிலிருக்கும் சட்டமும், அளவுக்கு மீறிப் பொருள் கேட்டு அதைக் கலியாணத்துக்கு நிபந்தனையாக்குவது கூடாதென்றே சொல்லுகின்றது. ஆனாலும் கேட்கின்றவர்கள் கேட்டுக்கொண்டும் கொடுக்கின்றவர்கள் கொடுத்துக்கொண்டும் இருப்பதால், சட்டம் ஒரு பக்கமும் தட்டு ஒரு பக்கமுமாய் இருக்கின்றன. இதில் இன்னொரு விசேஷம் என்னவென்றால், உள்நாட்டில் வசிக்கும் வியட்நாமியர் இருவர் தங்கள் கலியாணத்தைப் பதிவு செய்துகொள்ள ஒரு டோங் கூடக் கட்டணமில்லை. சட்டம் செல்லுபடியென்று ஏற்றுக்கொள்ளும் கலியாணம் இலவசம். சட்டத்தில் ஒரு மதிப்புமில்லாத நிச்சயதார்த்தத்துக்குத்தான் இரண்டு வருஷத்துக் கடன்!

மூன்று ஆட்சேபணைகள்

இதற்குச் சிலர் ஆட்சேபணை சொல்லலாம்.

முதலாவதாக, "இது முன்னோர்கள் வழக்கம், விட்டுவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது" என்பார்கள். முன்னோர் என்றால் எந்த முன்னோர்? 1947-ல் ஹோ சி மின் "புது வாழ்வு" என்று ஒரு சிறு புத்தகம் எழுதிக் கலியாணம் முதலியவைகளைச் சிக்கனமாய்ச் செய்யும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். பிறகு யுத்த காலத்திலும், எல்லாப் பொருளும் சீட்டுக்கு அளந்து கொடுக்கப்பட்ட காலத்திலும், அதாவது 1986-ல் பொருளாதார மாறுதல் வருகின்ற வரையில், எத்தனையோ ஜோடிகள் தேநீர், மிட்டாய், சிகரெட் இவ்வளவோடு கலியாணம் செய்துகொண்டார்கள். இன்றைக்குப் பதினொரு தட்டு வேண்டுமென்று பிடிவாதம் செய்கின்ற பாட்டன் பாட்டிகளில் பலர் அப்படித் தேநீரில் கலியாணம் செய்துகொண்டவர்கள்தான். அவர்கள் குடும்பம் கெட்டுப் போய்விட்டதா? கெட்டுப்போகவில்லை என்பதற்கு, தட்டைப் பற்றிச் சண்டை போட வந்திருக்கும் அவர்களே சாட்சி.

இரண்டாவதாக, "கொடுத்ததில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடுகின்றது, சில வீடுகளில் பணத்தைத் தம்பதிகளுக்கே கொடுத்துவிடுகின்றார்கள், ஆகையால் நஷ்டமில்லை" என்பார்கள். திரும்பி வருவது பழமும் பலகாரமும்; திரும்பி வராதது வாடகையும் வட்டியும். பணத்தைத் தம்பதிகளுக்கே கொடுப்பதென்றால் மெத்தச் சந்தோஷம். அதைத் தட்டில் வைத்துத் தெருவெல்லாம் காட்டிக் கொண்டுவந்து பிறகு கொடுப்பானேன்? அவர்கள் பணம் அவர்களிடமே இருந்தால் போதாதா?

மூன்றாவதாக, "பணக்காரர்கள் செய்தால் உங்களுக்கென்ன?" என்பார்கள். பணக்காரன் தன் வீட்டுக்குள் எதைச் செய்தாலும் நமக்கு அக்கறையில்லை. ஆனால் அவன் பதினொரு தட்டைத் தெருவில் நடத்திக் கொண்டுபோனால், அடுத்த வீட்டு ஏழை ஏழு தட்டாவது வைக்காவிட்டால் பெண்ணுக்குக் குறைவு என்று பேச்சு வந்துவிடுகின்றது. பணக்காரனுக்கு அது ஒரு நாள் வேடிக்கை. ஏழைக்கு அது ஒரு தலைமுறைத் தொல்லை. ஆகையால்தான் முதலில் நிறுத்த வேண்டியவன் பணக்காரன் என்று சொல்லுகின்றோம்.

செலவுத் திட்டம் எப்படி இருக்க வேண்டும்?

நிச்சயதார்த்தமே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. இரண்டு குடும்பங்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளுவதும், ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுவதும் நல்ல காரியங்களே. வெற்றிலை பாக்கு வைத்துப் பேச்சைத் தொடங்குவது அவர்களுக்கும் நமக்கும் பொதுவான மரியாதை. அந்த மரியாதை ஏழையின் கைக்கு எட்டுகின்ற விலையில்தான் ஆதியில் ஏற்பட்டிருக்கும். அதை அந்த அளவிலேயே வைத்துக்கொள்ள வேண்டுமென்றுதான் சொல்லுகின்றோம். ஆகவே திட்டம் போடுகின்றவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்:

1. செலவுக் கணக்கை வாழப் போகின்ற இருவரும் சேர்ந்து முதலில் எழுத வேண்டும். கையிலிருக்கும் பணம் எவ்வளவு என்பதை முதல் வரியில் எழுதி, கலியாணத்துக்குப் பின் மூன்று மாதம் குடும்பம் நடத்துவதற்கு வேண்டியதை இரண்டாவது வரியில் கழித்துவிட வேண்டும். மிச்சமிருப்பதுதான் சடங்குக்குரிய தொகை. மிச்சமில்லையானால் தேநீர் போதும்.

2. எந்தக் காரணத்தைக் கொண்டும் இதற்காகக் கடன் வாங்கக் கூடாது. பெற்றோர் கடன் வாங்குவதும் தாங்கள் வாங்கியதாகவே கருதப்பட வேண்டும்.

3. தட்டு எத்தனை என்று தீர்மானிப்பதற்கு முன்பு, விருந்துக்கு எத்தனை பேர் என்று தீர்மானிக்க வேண்டும். விருந்துச் செலவு தலைக் கணக்கில்தான் ஏறும். நெருங்கியவர்களை மாத்திரம் அழைத்தால் பாதிச் செலவு தானே குறையும். பந்தலும் பூ வளைவும் வேண்டியதில்லாமல் போகும்.

4. வெற்றிலை பாக்கு, தேயிலை, பழம் இவை போதும். தட்டு ஒற்றையாய் இருந்தாலென்ன, இரட்டையாய் இருந்தாலென்ன? வீட்டு வாலிபர்களும் பெண்களும் தூக்கட்டும். கூலிக்கு ஆள் வேண்டாம்.

5. நகை வேண்டுமானால் இருவருக்கும் சமமாய் ஆளுக்கொரு மோதிரம். அதற்குமேல் தங்கத்துக்குப் போகின்ற பணம் இருவர் பேரிலும் சேமிப்பில் இருக்கட்டும்.

6. உடையை வாடகைக்கோ இரவலாகவோ வாங்கிக்கொள்ளலாம். ஒரு நாள் உடுத்துவதற்காக ஒரு மாதச் சம்பளத்தைத் தையற்காரனிடம் கொடுக்க வேண்டியதில்லை.

7. நிச்சயதார்த்தத்தையும் கலியாணத்தையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுவது இப்போது அங்கே பல வீடுகளில் நடக்கின்றது. தூரத்து ஊர்க்காரர்களுக்கு அது மிகவும் நல்லது. நாளை ஜோசியனைக் கேட்காமல், வேலைக்குப் போகின்றவர்களின் விடுமுறையைக் கேட்டு வைத்தால் எல்லோருக்கும் சௌகரியம்.

8. இரு வீட்டாரும் செலவைப் பாதி பாதியாய் ஏற்க வேண்டும். ஒரு பக்கம் மாத்திரம் கொடுத்தால், கொடுத்தவனுக்கு ஒரு நாள் உரிமை பேசத் தோன்றும். பெண் வீட்டாரும் பாதி கொடுத்துவிட்டால், "உன்னை விலை கொடுத்து வாங்கினோம்" என்று சொல்ல யாருக்கும் வாயிருக்காது.

9. பெண் உள்ளறையில் காத்திருக்கக் கூடாது. வாசலில் நின்று விருந்தாளிகளை மாப்பிள்ளையோடு சேர்ந்து வரவேற்க வேண்டும். பெரியவர்கள் பேசுவதற்கு முன்பு, இருவரும் தங்கள் சம்மதத்தைத் தங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். இதற்கு ஒரு டோங் செலவில்லை. ஆனால் அந்த நாளில் நடக்க வேண்டிய காரியம் உண்மையில் இது ஒன்றேதான்.

இந்தக் கணக்குக்கு முதலில் எதிர்ப்புச் சொல்லப் போகின்றவர்கள் தாயும் தகப்பனுமாய்த்தான் இருப்பார்கள். அது அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. ஊர் பேசுமே என்கின்ற பயத்தில் அவர்கள் வளர்ந்தவர்கள். அவர்களிடம் கோபித்துக்கொள்ளுவதில் பிரயோஜனமில்லை. எழுதிய கணக்கை அவர்கள் முன்பு வைத்து, "இந்தத் தட்டுக்கு இத்தனை மாதச் சம்பளம், இதைக் கட்டித் தீர்க்கும்போது உங்கள் பேரக் குழந்தைக்கு இத்தனை வயது ஆகும்" என்று வாசித்துக் காட்டினால், பெற்ற மனம் ஊரார் வாயைவிடக் குழந்தையின் வயிற்றையே பெரிதாய் நினைக்கும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆகவே, வாலிபர்களே! வியட்நாமிலானாலும் வேறெங்கேயானாலும், நிச்சயம் செய்துகொள்ளப் போகின்றவர்கள் தட்டுக் கடைக்கும் நகைக் கடைக்கும் போவதற்கு முன்பு, இருவருமாய் உட்கார்ந்து ஒரு தாளில் மேலே சொன்ன முதல் இரண்டு வரிகளையும் எழுதிவிட்டுப் போங்கள். பெற்றோர்களே! உங்கள் பெண்ணுக்கு மதிப்பு வேண்டுமானால் அவளைப் படிக்க வையுங்கள், சம்பாதிக்க வையுங்கள், அவள் விரும்பியவனை அவளே சொல்லும்படி விடுங்கள். தட்டின் எண்ணிக்கையில் அவள் மதிப்பைத் தேட வேண்டாமென்று வணக்கத்தோடு கேட்டுக்கொள்ளுகின்றோம்.